நம்மூர்க் கைத்தொழில்களை நின்று பார்ப்போம்

சேலத்திலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நான்கு வழிச் சாலையில் ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். 2013-ஆம் ஆண்டு முதல் இராசிபுரம் வழியாக ரெயிலும் ஓடுகிறது. இவ்வசதிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மஞ்சளையும் மரவள்ளியையும் முட்டையையும் காலத்தே விற்பனைக்கு அனுப்ப வேண்டிய விவசாயிக்கு வேகமே லாபம். ஆயினும், வேகமாகச் செல்பவர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு செல்வம் இச்சமவெளியில் இருக்கிறது. சைக்கிளில் செல்பவருக்கும், டவுன் பஸ்ஸில் ஊர் ஊராக இறங்கி ஏறுபவருக்கும், சந்தைக்கு நடந்து செல்பவருக்கும் மட்டுமே அது தெரியும். நம் கைத்தொழிலாளர் செய்யும் அன்றாடச் சாமான்களையே இங்குக் குறிப்பிடுகிறேன்.

கைத்தொழில் என்றதும், பொருட்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் விக்கிரகமும் பேழையுமே பலருக்கு நினைவில் வருகின்றன. சேலம் ஜில்லாவின் தம்மம்பட்டி மரச் சிற்பங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பெயர் நாடறிந்தது. என் எழுத்தினால் அவற்றிற்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நான் எழுத முற்பட்டது முறம், கூடை, பாய், பானை, கயிறு, அரிவாள், கல்சட்டி ஆகியவற்றைப் பற்றி. பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கி, பத்து ஆண்டு உழைத்தபின் குப்பையில் எறிந்துவிடும் இப்பொருள்களுக்குப் பரிசும் இல்லை, பட்டயமும் இல்லை. செய்தவர் பெயரும் அவற்றில் பொறிக்கப்படுவதில்லை.

இத்தகைய பொருள்களுக்குத் தனி மதிப்பு உண்டென்று உலகில் சிலர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பான் தேசத்து அறிஞர் யானகி சோயெட்சு 1925-ஆம் ஆண்டு தம் நண்பர்களுடன் சேர்ந்து ‘மிங்கெய்’ என்றொரு சொல்லை ஆக்கினார். பொது ஜனங்களின் கைவினை என்பது அதன் பொருள். பெயர் அறியப்படாத குயவரும் நெசவாளரும் வீட்டு உபயோகத்திற்கென்று செய்த கிண்ணங்களையும் துணிகளையும் கூடைகளையும் அவர் ஊர் ஊராகச் சென்று சேகரித்தார். 1936-இல் டோக்கியோவில் அவற்றிற்கென்று ஒரு காட்சிசாலையும் அமைந்தது. நம் தேசத்திலும் இதை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. மத்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் வந்து சுற்றிப் பார்த்த அமெரிக்கத் தம்பதியர் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் 1958-இல் ஓர் அறிக்கை தந்தனர். கோபுரங்களையும் அரண்மனைகளையும் பார்த்த அவர்கள், தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்ததாக எடுத்துப் பேசிய பொருள் தண்ணீர்ச் சொம்பு! அவ்வறிக்கையின் பயனாகவே 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றியது.

இத்தகைய பார்வை படித்த வெளிநாட்டாருக்கு மட்டுமே உரியதென்று நினைத்துவிட வேண்டாம். சந்தையில் முறம் வாங்கும் நம் பெண்மக்களைக் கவனித்துப் பாருங்கள். முறத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்து இடைவெளி பார்க்கிறார்கள். விளிம்பை இரு கையாலும் வளைத்துப் பார்க்கிறார்கள். வெறும் முறத்தை இரண்டு தரம் புடைத்து, கைக்கு அமைகிறதா என்று சோதிக்கிறார்கள். இதைவிடச் சிறந்த பரீட்சை எந்தக் கல்லூரியிலும் இல்லை. இப்பார்வையை ஊர்ப் பெரியவர்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றுவிட்டால், அடுத்தபடியாக ஒரு கேள்வி தானே எழும்: இதைச் செய்கிறவருக்கு மூலப்பொருள் எங்கிருந்து கிடைக்கிறது? இக்கட்டுரையின் முக்கிய விஷயம் அக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. முதலில் ஒரு சுற்றுப் போய் வருவோம்.

சேலம் நகரத்து அம்மாப்பேட்டைக்குப் பொழுது புலரும் வேளையில் செல்ல வேண்டும். தறிக்கு ஏற்றப்போகும் பாவு இழைகளைத் தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டி, வீட்டார் அனைவரும் இரு மருங்கிலும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார்கள். வெயில் ஏறினால் இழை உலர்ந்து அறுபடும். அதனால்தான் ஈரக் காற்றுள்ள வேளையைத் தேர்ந்துகொள்கிறார்கள். முன்போல் எல்லாத் தெருக்களிலும் இக்காட்சி இல்லை. தேடிப் போனால்தான் உண்டு. வீட்டிற்குள் குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். நாடா இடமும் வலமும் ஓடி ஊடையைப் போட்டுச் செல்கிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை உடுத்தும் சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி இவ்வாறு உருவாவதுதான். ‘சேலம் வெண்பட்டு’ என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றியது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகளில் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யலாகாது என்பது அதன் சாரம். சட்டம் இருந்தும், காவிரிக்கு அக்கரையிலுள்ள பவானியின் பெயரைச் சொல்லி விற்கும் ஜமக்காளங்கள் எல்லாம் கைத்தறிதானா என்று கேட்க வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம். 2006-இல் ஏற்படுத்தப்பட்ட கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது ஒரு வழி. நெய்பவரிடமே நேரில் சென்று வாங்குவது அதனினும் நல்ல வழி.

செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரு ஜதைக் கொலுசு முடிவதற்குள் அது பல வீடுகளுக்குப் போய் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் வளையம் கோப்பார்கள். மற்றொரு வீட்டில் பொடி வைத்துப் பற்றுவார்கள். மெருகு போடுவது வேறொருவர். வேலை இப்படிப் பகிர்ந்திருப்பதால் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தாலும் பல வீடுகளில் கை நின்றுபோகும்.

நகரத்திற்கு மேற்கே கஞ்சமலை தெரிகிறது. இம்மலையின் காந்த இரும்புத் தாதை மண் உலைகளில் உருக்கி எஃகு செய்தவர்கள் நம் முன்னோர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஜோசயா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், இப்பகுதித் தாதை நம்பியே பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று கஞ்சமலை அடிவாரத்தில் நிற்கும் சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே உருவாவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதாவது, நம் அடுக்களையிலிருந்து மண்சட்டியையும் கல்சட்டியையும் வெளியேற்றிய எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்தது!

மலைத் தாதை உருக்கிய உலைகள் அணைந்துவிட்டன என்றாலும் கொல்லுப்பட்டறை மறையவில்லை. இன்றைய கொல்லருக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் நாடெங்கும் பேர் பெற்ற ஊர். லாரியில் ஓய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகள் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. அப்பட்டைதான் நம் கொல்லர் கையில் அரிவாளாகவும் களைக்கொத்தாகவும் மாறுகிறது. பட்டறையில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். காய்ச்சித் தட்டிய அரிவாளை முழுவதுமாகத் தண்ணீரில் அமிழ்த்துவதில்லை. வாயை மட்டும் தோய்க்கிறார். வாய் கடினமாகவும் முதுகு சற்று இளகியதாகவும் இருந்தால்தான், கருவேலங் கட்டையை வெட்டினாலும் அரிவாள் முறியாது. தோய்க்க வேண்டிய தருணத்தைக் கொல்லர் அறிவது இரும்பின் நிறத்தைக் கொண்டு. அதற்காகவே பட்டறையைச் சற்று இருட்டாக வைத்திருக்கிறார்கள். கூரையில் வெளிச்சக் கண்ணாடி பதித்துத் தருகிறோம் என்று நல்லெண்ணத்துடன் போகும் அதிகாரிகள் இதைத் தெரிந்துகொண்டு போவது நலம்.

தெற்கே நாமக்கல்லை நோக்கி வந்தால் கல்சட்டி. மாக்கல் என்னும் மென்மையான கல்லை உளியால் குடைந்தும், கடைசல் இயந்திரத்தில் கடைந்தும் இதைச் செய்கிறார்கள். சூட்டை நெடுநேரம் தாங்கும். புளிக்குழம்பு இதில் கெடாது. தயிரும் ஊறுகாயும் சுவை மாறாது. புதுச் சட்டியை வாங்கிய அன்றே கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் வைத்து, விரிசல் விட்டதும் விற்றவரைத் திட்டுகிறவர்கள் இப்போது அதிகரித்துவிட்டார்கள். அதைப் பழக்கித்தான் அடுப்பேற்ற வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் பூசி வைத்து, பிறகு சில நாட்கள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊற்றிக் கழுவி, அதன்பின் சிறு தீயில் தொடங்கினால் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும். மாமியார் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த இப்பாடம் இடையில் அறுந்துபோனதால், தொழிலுக்கே கெட்ட பெயர் வந்திருக்கிறது. விற்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் இதை அச்சிட்டுச் சட்டியோடு கொடுத்தால் போதும்.

மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரைக்கு வந்துவிட்டால் கோரை வயல்கள். கோரையை விவசாயி என்ற முறையிலும் பார்க்க வேண்டும். ஒரு முறை நட்டால் சில ஆண்டுகள் வரைக்கும் அறுத்துக்கொண்டே இருக்கலாம். அறுத்த தாளைப் பச்சையாக இருக்கும்போதே கிழித்து, வெயிலில் காயவைத்து, நீளவாரியாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். காயும் நாட்களில் ஒரு மழை பெய்துவிட்டால் நிறம் கறுத்து விலை பாதியாகிவிடும். கைத்தறிப் பாய்க்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோரையைக் கோத்துச் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிப்பார். இப்போது பெரும்பாலும் இயந்திரத்தறி வந்துவிட்டது. அதையும் மீறிப் பிளாஸ்டிக் பாய் வந்து சந்தையை நிரப்பிவிட்டது. நல்ல கோரைப் பாயை அறிவது எளிது: கோரை மெல்லியதாகக் கிழிக்கப்பட்டு நெருக்கமாக விழுந்திருக்கும், ஓரம் மடித்து முடியப்பட்டிருக்கும், சுருட்டினால் முறுமுறுவென்று ஒடியாது. கோடைக்காலத்தில் அதில் ஓர் இரவு படுத்தவருக்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

சந்தைகளுக்கு வருவோம். நாமக்கல் சாலையில் புதன்சந்தை என்று ஊருக்கே சந்தையின் பெயர் அமைந்திருக்கிறது. கொங்கணாபுரம் ஆட்டுச் சந்தையும், வீரகனூர் மாட்டுச் சந்தையும் எல்லோரும் அறிந்தவை. மாடு வாங்கப் போகும் விவசாயி, மாட்டின் பல்லையும் சுழியையும் பார்த்த பிறகு, ஓரத்தில் கயிறு விற்பவர் பக்கமும் சற்றுத் திரும்ப வேண்டும். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தும்பு எல்லாவற்றிற்கும் இன்று நைலான் வந்துவிட்டது. அது மலிவு, இற்றுப்போவதில்லை என்பதெல்லாம் உண்மையே. ஆனால் மூக்குத் துளையிலும் கழுத்திலும் நைலான் அறுத்துப் புண்ணாக்குவதை மாடு வளர்ப்போர் நன்கு அறிவார்கள். பருத்தி நூலில் திரித்த கயிறு வியர்வையை உறிஞ்சும்; தோலை அறுக்காது. கயிறு திரிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம், “நைலானு கயித்துக்கு நல்லதுங்க, மாட்டுக்கு நல்லதில்லீங்க” என்றார். கால்நடை ஆய்வாளரும் இதைத்தான் சொல்வார்; இவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டார்.

முறமும் கூடையும் விற்பவர்கள் பெரும்பாலும் சந்தையின் கடைசியில், நிழலில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மூங்கிலை அரிவாளால் பிளந்து, சிம்பு சிம்பாக வகிர்ந்து, மேல்தோல் வேறு உட்பகுதி வேறாகப் பிரிக்கிறார்கள். பச்சை மின்னும் மேல்தோல் சிம்பில் முடைந்த கூடை நீடித்து உழைக்கும். வெளுத்த உட்சிம்பில் முடைந்ததை விரைவில் பூச்சி அரிக்கும். இரண்டும் ஒரே விலைக்கு விற்கிறதென்றால் குற்றம் விற்பவருடையதன்று, வேறுபாடு அறியாத நம்முடையது. நெருங்க முடைந்த முறத்திற்குச் சாணம் மெழுகி, அல்லது வெந்தயமும் காகிதக் கூழும் அரைத்துப் பூசிக் காயவைத்தால், கேழ்வரகு மாவும் சிந்தாது.

கூடை முடைவோரைக் கேட்டால், விற்பனையைவிட மூங்கிலே தங்கள் கவலை என்பார்கள். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன, ஆயினும் காட்டு மூங்கில் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை, வியாபாரியிடம் வாங்குகிறார்கள். இங்கேதான் விவசாயிகள் ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும். இந்திய வனச் சட்டத்தில் மூங்கிலும் மரம் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. அதனால் சொந்த நிலத்து மூங்கிலை வெட்டிக் கொண்டுபோவதற்கும் மக்கள் அஞ்சினார்கள். 2017-இல் செய்த திருத்தத்தினால், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வாய்க்கால் ஓரத்திலும், கிணற்று மேட்டிலும், வேலியை ஒட்டியும் பத்துப் புதர் மூங்கில் வைத்தால் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். வேலியும் ஆகும், வரும்படியும் ஆகும். பக்கத்து ஊர்க் கூடைக்காரருக்கு அது பிழைப்பு.

இனி மண்பாண்டம். மற்றவற்றைவிடச் சற்று விரிவாக இதைக் கூற விரும்புகிறேன். ஏனெனில் இதில் பஞ்சாயத்தின் கையிலேயே பெரும் பங்கு இருக்கிறது.

ஏரியிலிருந்து எடுத்துவந்த களிமண்ணைக் காயவைத்து உடைத்து, கல்லும் வேரும் நீக்கி ஊறவைத்து, நுண்மணல் கலந்து காலால் மிதிக்கிறார்கள். எவ்வளவு மணல் என்பதற்கு அளவுகோல் கிடையாது, காலுக்குத்தான் தெரியும். சக்கரத்தில் பானையின் வாயும் தோளும்தான் முதலில் உருவாகின்றன. அடிப்பாகம் திறந்தே இருக்கும். சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். பானையின் அடி அவ்வளவு மெல்லியதாகவும் உருண்டையாகவும் இருப்பதன் இரகசியம் இந்தத் தட்டுதலே. பிறகு வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சூளை வைக்கிறார்கள். சூளையில் தீ ஒரு பக்கம் கூடினால் கறுப்பு. குறைந்தால் வேகாத பானை. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் வெந்தது, மந்தமாக ஒலித்தால் விரிசலோ வேக்காட்டுக் குறையோ உண்டு. வெந்த பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மின்சாரமில்லாமல் இதைச் செய்யும் வேறு சாதனம் நம் வீட்டில் இல்லை.

பொங்கல் பானையும், கார்த்திகை அகலும், கோயிலுக்கு நேர்ந்துவைக்கும் உருவாரமும் இந்தக் கைகளிலிருந்தே வருகின்றன. பசு நோய் தெளிந்தால் மண் பசு, குழந்தை பிழைத்தால் மண் குழந்தை என்று நம் கொங்குச் சீமையில் எத்தனை கோயில் வாசல்களில் அவை நிற்கின்றன! மழை மாதங்களில் இத்தொழில் அடியோடு நின்றுவிடும். தை மாதத்திற்கு வேண்டியதை முன்கூட்டியே செய்து அடுக்கினால்தான் ஆண்டுப் பிழைப்பு. ஆகவே கோடையிலேயே மண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவ்வூர் ஏரியைத் தூர் வாரிய கோடையில், வண்டி வண்டியாக மண் செங்கற் சூளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கு நேர் எதிரே நான்கு குயவர் வீடுகள். அவர்களோ வேறொரு தாலுகாவிலிருந்து ஒரு டிராக்டர் மண்ணை விலைக்கு வாங்கி வந்திருந்தார்கள். “மண்ணு மேலேயே குடியிருக்கறமுங்க, மண்ண வெலைக்கு வாங்கறமுங்க” என்றார் அவர்களுள் மூத்தவர். முறையாக அனுமதி கேட்கலாமே என்றதற்கு, யாரிடம் கேட்பது, எங்கே எழுதுவது என்று தெரியாது என்றார். அவ்வூர்ப் பஞ்சாயத்தில் இது பேச்சுக்கு வந்தபோது ஓர் அங்கத்தினர், “பானை யார் வாங்குகிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்டார். வயதான அங்கத்தினர் அம்மையார் ஒருவர் விடை சொன்னார்: “நீங்க வாங்காட்டிப் போவுது. பொங்கலுக்கு உங்க வீட்டுல எதுலீங்க பொங்கறீங்க?” அதன்பின் விவாதம் நீளவில்லை. ஏரியின் ஒரு மூலையில் நல்ல களிமண் படிந்த இடத்தை விட்டுவைப்பதென்றும், குயவர் நால்வர் பேரிலும் பஞ்சாயத்து அலுவலகமே விண்ணப்பம் எழுதித் தருவதென்றும் முடிவாயிற்று. அந்த வருஷம் நான்கு சூளைகளும் எரிந்தன. பெரிய சாதனை என்று இதைச் சொல்ல மாட்டேன். நால்வரில் இருவருடைய மக்கள் திருச்செங்கோட்டிற்கு ரிக் வண்டி வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் மற்ற இருவர் வீட்டிலும் சக்கரம் சுற்றுகிறது.

மூலப்பொருள் ஒரு முனை, வாங்குவோர் மறு முனை. இவ்விரண்டையும் பிடித்துக் கொடுத்தால் இடையிலுள்ள வேலையைத் தொழிலாளி பார்த்துக்கொள்வார். இதை நம் பகுதியிலேயே நடத்திக் காட்டியவர்கள் உண்டு. திருச்செங்கோட்டிற்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழை பொய்த்து வாடிய சுற்றுக் கிராமங்களில் கதர் வேலைதான் அதன் உயிர்நாடி. பஞ்சைக் கொடுத்து, நூற்ற நூலை எடைபோட்டுக் கூலி தந்து வாங்கி, துணியாக்கி விற்றார்கள். நூற்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ராட்டை பரணில்தான் கிடந்தது. பின்னாளில் எழுத்தாளராகப் பேர் பெற்ற கல்கியும், அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் பணியாற்றியிருக்கிறார். ஆசிரமம் நூறாண்டு கண்டுவிட்டது. அவ்வழியே செல்பவர்கள் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம்.

பஞ்சாயத்துகள் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. வாரச் சந்தையைக் குத்தகைக்கு விடும்போது, தலைச்சுமையாகக் கூடை, முறம், பானை கொண்டுவந்து விற்போருக்கு வரி இல்லை என்று ஒரு நிபந்தனையை எழுதி, மரத்தடியில் பத்தடி இடம் ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி. தண்ணீர்ப் பந்தலுக்குப் பானை, துப்புரவுக்குக் கூடை, கூட்டத்திற்குப் பாய் என்று பஞ்சாயத்தே வாங்க வேண்டிய சாமான்களும் இருக்கின்றன. ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை நம் மாநிலம் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்ட நிலையில், ஊர் விருந்துகளுக்குப் பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும் வாங்குவது சட்டத்திற்கும் உகந்தது. தொழிலுக்குக் கடன் வேண்டுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். 2025-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம், 3 லட்சம் ரூபாய் வரைக்கும் கடனும், அதில் நான்கிலொரு பங்கை, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகவும் அளிப்பதற்கு வகை செய்தது. தற்போதைய நிபந்தனைகளை அங்கேயே கேட்டறியலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூர தேசத்துச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள், ஆண்டுக்கு ஒரு நாள் தம் ஊரிலேயே நடத்திச் செல்லலாம் என்பது என் யோசனை. கொல்லுப்பட்டறை, தறி வீடு, சூளை, கூடை முடையும் இடம் என்று நாலு மைல் நடந்தால் போதும். போகுமிடத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடாமல், ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொண்டு அது எதனால் ஆனது, அந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது, செய்ய எத்தனை நேரம் பிடித்தது என்று கேட்டு எழுதி வரட்டும். அந்தக் குறிப்புகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், ஊரில் எந்தெந்தத் தொழில் எத்தனை வீடுகளில் இருக்கிறது, எதற்கு எந்த மூலப்பொருள் தட்டுப்பாடு என்ற கணக்கு அங்கத்தினர்களுக்குச் செலவின்றிக் கிடைத்துவிடும்.

களிமண் விஷயமாகக் கேட்போருக்கு: 2024-ஆம் ஆண்டு கனிம விதிகளில் செய்த திருத்தத்தினால், மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரி, குளங்களிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்குக் களிமண்ணும், வயலுக்கு வண்டல் மண்ணும் கட்டணமின்றி எடுக்கத் தாசில்தாரே அனுமதி வழங்கலாம், ஜில்லா தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பிப்பவர் அந்த ஏரி அமைந்த தாலுகாவிலேயே வசிப்பவராக இருத்தல் வேண்டும். விண்ணப்பம் இணைய வழியில் பெறப்படுகிறது. இ-சேவை மையத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ உதவி பெறலாம். தம் ஊர் ஏரி பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரி வற்றி மண் இறுகியிருக்கும் பங்குனி முதல் வைகாசி வரையே மண் எடுக்க ஏற்ற காலமாதலால், மாசி மாதத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர்வது நல்லது.